நீர் போகும் வழியே கோப்பும் போகட்டும்: சூழலமைப்பு மேலாண்மைக்கு ஒரு தொடக்கம்

அரசுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ‘சூழலமைப்பு மேலாண்மை’ என்று ஒரு சுற்றறிக்கை மேசைக்கு வருகிறது. அமெரிக்க வனத்துறை 1992-இல் இதைத் தன் கொள்கையாக அறிவித்தபோது அங்கிருந்த ஊழியர்களும் உங்களைப் போலத்தான் விழித்திருப்பார்கள். பெயருக்குப் பயப்பட வேண்டாம்: ஒரு துறையின் எல்லைக்குள் நிற்காமல், நீர், செடி, பறவை, மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துப் பராமரிப்பதுதான் அது. ஒரு குளத்தில் தொடங்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூரையே எடுத்துக்கொள்வோம், சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகள், சுமார் 94 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை.

முதலில் நடங்கள். கிராம வரைபடத்தோடு, குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியில் ஏறிப்போய்ப் பாருங்கள். பிறகு மடை, மறுகால் (மிகைநீர் வெளியேறும் வழி), வயல் என்று இறங்குங்கள். சுசீந்திரத்தைத் தொட்டுப் போகும் பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது. அந்தப் பொழிமுகம் வரை போய்விட்டு வந்தால், உங்கள் துறையின் எல்லை எவ்வளவு சின்னது என்று புரியும்.

நான் இதைச் செய்யாமல் பட்டிருக்கிறேன். ஒரு குளத்தில் ஆகாயத்தாமரையை வழித்தெடுத்து, கரையில் குவித்து, படமெடுத்துக் கோப்பை முடித்தோம். இரண்டே மாதத்தில் குளம் மறுபடி பச்சை. மேலே சானலில் கிடந்த செடிகள் மிதந்து இறங்கியிருந்தன. தெருச் சாக்கடை அவற்றுக்கு உரம். சானலும் சாக்கடையும் எங்கள் கோப்பில் இல்லை!

அடுத்தது, ஒரு நோட்டுப் புத்தகம். மடையைத் திறப்பது யார், மீன் குத்தகை யாருக்கு, தாமரை பறிப்பது யார், கழிவுநீர் எந்தப் பேரூராட்சியுடையது, பறவைகளைக் கணக்கெடுப்பது யார்? ஆளையே பார்த்துக் கேட்டு எழுதுங்கள். நீர்வளத் துறை, வனத்துறை, வருவாய்த் துறை, மீன்வளத் துறை நான்கும் ஒரே பக்கத்தில் வரவேண்டும்.

இனி நாட்காட்டி. உண்மையான வேலை இதுதான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூனில் திறக்கப்படும். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு நெல் போகத்துக்கும் எப்போது எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று விவசாயிகளிடம் கேட்டுக் குறியுங்கள். அதன் கீழே மீன் பிடிப்பு, தாமரைப் பறிப்பு. அதற்கும் கீழே பறவைகள்: நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடும், அந்த நாளில் செடி அகற்றும் ஆட்களை இறக்கினால் கூடு குப்பையோடு போய்விடும். நான்கு வரிகளும் முட்டிக்கொள்ளும் மாதங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். கூட்டத்தில் பேச வேண்டியது அந்த மாதங்களைப் பற்றி மட்டுமே. கூட்டத்தைக் குளக்கரையிலேயே வையுங்கள். ஏசி அறையில் யாரும் மடையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பிறகு சோதனை. குளம் முழுவதையும் சுத்தம் செய்யாதீர்கள். ஒரு பக்கம் செடியை எடுங்கள், மறுபக்கத்தை விடுங்கள். மடையருகே அளவுக்கோல் ஒன்றை நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தையும் இரு பக்கத்துப் பறவைகளையும் எழுதுங்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் திட்டத்தை மாற்றுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதையும் கோப்பில் எழுதுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்தபின் அந்த நாற்காலிக்கு வருகிறவர், மறுபடி குளம் முழுவதையும் வழித்தெடுக்க ஆள் பிடிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.