ஸ்விங் ஆர்ம் புஷ்: தொங்கும் சக்கரத்தோடு நட்டை இறுக்காதீர்கள்

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் 100 சிசி வண்டிக்கு வீட்டிலேயே ஸ்விங் ஆர்ம் புஷ் மாற்றியிருந்தான். ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைத் தாங்கி, சேஸிஸில் (வண்டியின் சட்டத்தில்) ஒரு போல்ட்டில் மாட்டி மேலும் கீழும் அசையும் கை. அந்த மூட்டில் இரு பக்கமும் இருப்பவைதான் புஷ்கள். வேலை சுத்தமாக இருந்தது. "போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினாய்?" என்று கேட்டேன். "சென்டர் ஸ்டாண்டில் வைத்துத்தான் அண்ணா" என்றான். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் இறுக்கினேன். அது தவறு. இந்த வேலையில் நடக்கும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். போல்ட்டைத் தொலைப்பது, வாஷரை மாற்றிப் போடுவது போன்றவற்றை நீங்களே கவனித்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேய்ந்தது புஷ்தானா?

பின்பக்கம் ஆடுகிறது என்றவுடன் புஷ் வாங்கப் போகாதீர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் கோளாறு சக்கர பேரிங்கில். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து சேஸிஸிலிருந்து விலகி ஆடினால்தான் புஷ்.

துருப்பிடித்த போல்ட்

நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கும். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய இரவே விடுங்கள். நட்டை போல்ட் முனைக்குச் சமமாக வைத்துக்கொண்டு, மரக்கட்டை கொடுத்துத் தட்டுங்கள்.

தொங்கும் சக்கரம்

இந்தத் தவற்றை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. புஷ் போட்டு எட்டே மாதத்தில், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சக்கரம் தனியே நழுவுவது போலிருந்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் உள்குழாயிலிருந்து கிழிந்து தொங்கியது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை.

ரப்பர் புஷ்ஷில் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளிக்குழாய் ஸ்விங் ஆர்மில் இறுகியிருக்கும். நட்டை இறுக்கியதும் உள்குழாய் சேஸிஸோடு பிடித்துக்கொள்ளும். பிறகு எதுவும் சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் அடிமட்டத்துக்குத் தொங்கும். அப்போது நட்டை இறுக்கினால், அந்த நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். நீங்கள் ஏறி உட்கார்ந்த நொடியிலேயே அது பிழிந்த துணி போல முறுகிவிடும். அந்த முறுக்கோடுதான் ஒவ்வொரு பள்ளத்தையும் தாங்கும். எத்தனை நல்ல புஷ்ஷும் இதில் பிழைக்காது.

நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். ஷாக் அப்சார்பர், சக்கரம், செயின் எல்லாவற்றையும் மாட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவரை ஏறி உட்காரச் சொல்லி, இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போதே டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். உள்ளே உலோகக் குழாய் வழுக்கிச் சுழலும் கிரீஸ் வகை புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது எந்த வகை என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அன்று மாலையே தம்பியின் வண்டியில் நட்டைத் தளர்த்தி, அவனை உட்காரவைத்து மறுபடி இறுக்கினோம். ஐந்து நிமிட வேலை.

பழைய புஷ்ஷை எடுப்பது

ரப்பரை எரிக்காதீர்கள், நச்சுப் புகை, பெயின்ட்டும் போகும். வெளிக்குழாயை ரம்பத்தால் அறுத்து எடுப்பவர்கள் கடைசி அரை மில்லிமீட்டரில் அவசரப்பட்டு ஸ்விங் ஆர்மின் உட்சுவரையும் கீறிவிடுகிறார்கள். நீளமான மரைக்கம்பி, தடித்த வாஷர்கள், அளவான இரும்புக் குழாய்த்துண்டு இருந்தால் இழுத்தே எடுக்கலாம். புதியதையும் அப்படியே ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் கோணலாக இறங்கும்.

ரப்பரில் கிரீஸ்

வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

இரண்டையும் மாற்றுங்கள்.

பழைய நட்

நைலான் வளையம் வைத்த நட் என்றால் புதிது வாங்குங்கள்.