உண்ணித் தொல்லை தீர்ந்த விதம்

எங்கள் நாய் மணியின் காது மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் பிடுங்கப் பிடுங்க உண்ணி வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தோல் வெந்துபோகும், நக்கினால் இன்னும் ஆபத்து! கால்நடை மருத்துவர் எடை பார்த்து, மாதம் ஒரு மாத்திரை எழுதினார். அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம்: ரத்தம் குடித்துப் புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். சரி என்று மணி படுக்கும் பழைய சாக்கைக் கொளுத்தினேன். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்தேன். மருந்து அடித்துக் காயும்வரை மணியை உள்ளே விடவில்லை. பூனையும் வளர்ப்பவர்கள் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைத் தொடவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். தெருவிலிருந்து ஒன்றிரண்டு இப்போதும் ஏறி வருகின்றன. மாத்திரை இருப்பதால் கடித்த பிறகு செத்து விழுகின்றன.