நண்டு லார்வாவின் உயிர் உணவுக்கு ஊட்டம் ஏற்றுவது எப்படி?

சேற்று நண்டுப் பொரிப்பகத்துக்குப் புதிதாக வருபவர்களின் கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றியே இருக்கும். அதுவும் தேவைதான். ஆனால் உப்பும் வெப்பமும் சரியாக இருந்தும், சோயியா எனப்படும் ஐந்து நிலைகளைக் கடந்த லார்வா, மெகலோபா என்ற அடுத்த நிலைக்கு மாறும் நேரத்தில் தொட்டியே காலியாவது உண்டு. செத்ததை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். உடம்பு பாதி வெளியே வந்திருக்கும். வாலும் கால்களும் பழைய ஓட்டுக்குள் மாட்டியிருக்கும். இதற்குக் காரணங்கள் பல உண்டு. நான் முதலில் சந்தேகப்படுவது தீனியின் கொழுப்பைத்தான்.

லார்வாவுக்கு டிஹெச்ஏ, ஈபிஏ என்ற கொழுப்பு அமிலங்கள் வேண்டும். டப்பாவில் விற்கும் உலர் முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டிமியா என்ற குட்டி உப்புநீர் உயிரியில் டிஹெச்ஏ அநேகமாக இருக்காது. அதை நாம்தான் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

முதலில் ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரி. முதல் இரண்டு சோயியா நிலைகளுக்கு இதுதான் சாப்பாடு. மில்லிக்கு 10 முதல் 15 வரை இருந்தால் போதும். ஈஸ்ட் மட்டும் போட்டு வளர்த்த ரோட்டிஃபர் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். நன்னோகுளோராப்சிஸ் பாசியில் வளர்த்தால் ஈபிஏ கிடைக்கும். டிஹெச்ஏவுக்கு ஐசோகிரைசிஸ் பாசியையோ கடையில் விற்கும் எமல்ஷன் என்ற எண்ணெய்க் கலவையையோ சேர்த்து, 6 முதல் 8 மணி நேரம் காற்றோட்டத்தில் விடுங்கள். பிறகு 60 மைக்ரான் வலையில் வடித்து, அலசிக் கொடுங்கள்.

அடுத்தது ஆர்ட்டிமியா. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். கூம்புத் தொட்டியில் லிட்டருக்கு 2 கிராம் முட்டை, 28 டிகிரி வெப்பம், நல்ல வெளிச்சம், அடியிலிருந்து காற்று. 18 முதல் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். அடியில் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். குழாயைத் திறந்து 120 மைக்ரான் வலையில் பிடியுங்கள்.

பிடித்ததும் எமல்ஷனை ஊற்ற வேண்டாம். பொரிந்த குஞ்சுக்கு அப்போது வாய் திறந்திருக்காது. முதல் தோல் உரிக்க எட்டு மணி நேரம் போல ஆகும். அதற்கு முன்னால் போட்ட எமல்ஷன் தண்ணீரைக் கெடுத்து விப்ரியோ என்ற பாக்டீரியாவுக்குத்தான் விருந்து வைக்கும்.

தோல் உரித்த பிறகு, மில்லிக்கு 200 குஞ்சு என்ற கணக்கில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். எமல்ஷனை மிக்ஸியில் தண்ணீரோடு நன்றாக அடித்து, லிட்டருக்கு 0.3 கிராம் ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மேலே எண்ணெய் திட்டுத் திட்டாக மிதந்தால் சரியாக அடிபடவில்லை என்று அர்த்தம். காற்றை மட்டும் குறைக்காதீர்கள். இந்த நெருக்கத்தில் ஆக்ஸிஜன் சட்டென்று இறங்கிவிடும்.

24 மணி நேரம் ஆனதும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். குடல் முழுக்க எண்ணெய்த் துளிகள் வரிசையாகத் தெரிந்தால் தயார். அலசும்போது வலையில் கைவைத்தால் வழுக்கும். அந்த வழுவழுப்பு போகும்வரை சுத்தமான கடல்நீரை ஓடவிடுங்கள்.

அப்புறம் நேரம் கடத்தக் கூடாது. பட்டினி கிடக்கும் ஆர்ட்டிமியா, ஏற்றிய டிஹெச்ஏவைத் தானே செலவழித்துவிடும். மாலைத் தீனிக்கு வைத்திருப்பதை 10 டிகிரிக்குக் கீழே, மெல்லிய காற்றோட்டத்தில் வையுங்கள்.

ஊட்டம் ஏற்றியது சற்றுப் பெரிதாகவும் வேகமாகவும் இருக்கும். சின்ன சோயியாவால் அதைப் பிடிக்க முடியாது. மூன்றாம் நிலையிலிருந்து கொடுப்பது நல்லது. காலையில் நேற்றைய ஆர்ட்டிமியா நிறைய மிச்சமிருந்தால், தண்ணீர் மாற்றும்போது அது மட்டும் வெளியேறும் கண்ணளவுள்ள வலையைப் பயன்படுத்துங்கள். அன்றைய தீனியின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.