டீயா காபியா? உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்

டீ நல்லதா காபி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ரத்தசோகை இருக்கிறதா, ராத்திரி தூக்கம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் போகிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் காஃபின் கணக்கைப் போடுங்கள், டீயிலும் காபியிலும் இருந்துகொண்டு தூக்கத்தை விரட்டும் பொருள் அதுதான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரை, டீயில் 30 முதல் 65 வரை இருக்கும். நம் ஃபில்டர் காபியில் பாதிக்கு மேல் பால்தான், தூளில் சிக்கரி வேறு கலந்திருக்கும், சிக்கரியில் காஃபினே கிடையாது, அதனால் கணக்கு கொஞ்சம் இறங்கும் (பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும்). கர்ப்பமாக இருப்பவர்கள் 200-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது இரும்புச்சத்து. இதைத்தான் நம் ஊரில் பலரும் கண்டுகொள்வதில்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாமோ இட்லி சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளரைக் கையில் எடுத்துவிடுகிறோம். டீயிலும் காபியிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது, அதுவும் கீரை, பருப்பில் இருந்து வருகிற இரும்பு என்றால் இன்னும் மோசம். இந்த வேலையில் டீ காபியைவிட ஒரு படி மேல். ஆகவே ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் டீயைக் குறைத்துவிட்டு, எதைக் குடித்தாலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது அந்த மாத்திரையைப் பாதி வீணாக்குவதுதான், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி பக்கம் போக வேண்டும்.

தூக்கம் பிரச்சினை என்றால் டீக்கு மாறுங்கள். உள்ளே போன காஃபினில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஐந்து மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபி பத்து மணிக்கும் பாதி உங்களோடுதான் படுக்கும்.

சரி, காபிக்கு நல்ல பெயரே இல்லையா? இருக்கிறது. அளவாகக் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் நோயும் டைப் 2 சர்க்கரை நோயும் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம்: காபியில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் எண்ணெய்ப் பொருளைத் தாள் ஃபில்டர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது.

என்னைக் கேட்டால் டீயையும் காபியையும்விடப் பெரிய வில்லன் சர்க்கரைதான். டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டம்ளர் என்றால் 50 கிராம், உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பழகுங்கள். அப்புறம், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம், டபராவில் நன்றாக ஆற்றிக் குடியுங்கள்.

குறைக்க முடிவு செய்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், மறுநாளே தலைவலி பிடித்துக்கொள்ளும். சில நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள், சாயந்திர டம்ளரில் ஆரம்பித்தால் சுலபம்.