கோடையில் குழுவாகக் காட்டுநடை போகிறீர்களா?

விடிந்ததும் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு பறவைகளும் நிழலில் அடங்கிவிடும், மிஞ்சுவது வியர்வைதான்.

ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் முன்னால் சொல்வது பின்னால் வருபவர் காதில் விழாது. பாதை தெரிந்த ஒருவர் முன்னால், இன்னொருவர் கட்டாயம் கடைசியில். பெரும்பாலும் சொதப்புவது ஓய்வெடுக்கும் இடத்தில்தான். முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, பின்தங்கியவர் வந்து சேர்ந்த நொடியே கிளம்பிவிடுவார்கள். பாவம், உண்மையில் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஐந்து நிமிடக் கணக்கு தொடங்க வேண்டும். பாதை பிரியும் இடமெல்லாம் நின்று தலையை எண்ணுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் உண்ணி எளிதில் ஏறாது.

யாருக்காவது தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். பேச்சு குழறினால் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். நடக்கவிடாமல் உடனே உதவிக்கு அழையுங்கள். அதற்காகவே, சிக்னல் எதுவரை கிடைக்கிறது என்று போகும்போதே பார்த்துவையுங்கள்.