துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகை ஊரிலிருந்தே கண்காணிக்கும் கருவி: பொருத்தும் முறை

குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் பலருடைய விசைப்படகுகள் கேரளத்தின் கொச்சி தோப்பும்படி, முனம்பம் துறைமுகங்களில் கட்டிக் கிடக்க, உரிமையாளர்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஊரில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் தொடங்கி ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால், ஆளில்லாத படகுக்கு அதுவே ஆபத்தான காலம். மழைநீரும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் படகிலிருந்து வெளியேறும் ஸ்டெர்ன் டியூப் வழியாகக் கசியும் நீரும் அடித்தளத்தில் சேர, தானியங்கி பம்ப் அதை இறைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடாததால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. பேட்டரி தீர்ந்ததும் பம்ப் நின்றுவிடும். அதன்பின் நீர் ஏறுவது யாருக்கும் தெரியாது. இந்த வரிசையை அதன் தொடக்கத்திலேயே பிடிப்பதுதான் கண்காணிப்புக் கருவியின் வேலை.

பேட்டரி வோல்ட், அடித்தள நீர்மட்டம், பம்ப் ஓடும் நேரம், படகு இருக்கும் இடம் ஆகிய நான்கையும் அறிவிக்கும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே தனியாக ஒரு சிறு பேட்டரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் படகின் பேட்டரி தீரும்போது கருவியும் அதனுடன் சேர்ந்து அணைந்துவிடும். 4ஜி சிம் ஏற்கும் கருவி நல்லது. சிம் வாங்குமுன், படகு கட்டும் இடத்தில் கேபினுக்குள் நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாகக் கிடைக்கிறது என்று கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் காலம் தடைக்காலத்தின் நடுவில் முடிந்துவிடாதபடி கவனிப்பதும் உரிமையாளரின் பொறுப்பே.

கருவியைக் கேபினுக்குள், நீர் தெறிக்காத உயரத்தில் பொருத்துங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் பேட்டரிப் பெட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. ஃபைபர் கூரையின் வழியே ஜி.பி.எஸ். சிக்னல் உள்ளே வந்துவிடும். இரும்புப் படகாக இருந்தால் அதன் ஆன்டெனாவை வெளியே, வானம் பார்க்க வைக்க வேண்டும்.

வயரிங் வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போன பிறகும் கருவி விழித்திருக்க வேண்டும் என்பதால், அதற்கான மின்சாரத்தை மெயின் சுவிட்சுக்குப் பிறகு எடுக்காமல் நேராகப் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கருவியின் கையேடு சொல்லும் அளவுள்ள ஃபியூஸ் இருக்கட்டும். சாதாரணச் செம்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, மேலுறைக்குள்ளேயே பொடிந்துபோகும்; ஆகவே வெள்ளீயம் பூசிய கம்பியை வாங்கி, டெர்மினலை அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

மிகுந்த கவனத்தோடு பொருத்த வேண்டியது, நீர் ஏறும்போது மிதந்து எழும்பி இயங்கும் மிதவை சுவிட்ச். பம்பை இயக்கும் மிதவை ஏற்கெனவே இருக்கும். எச்சரிக்கைக்கான மிதவையை அதைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில் தனியாகப் பொருத்த வேண்டும். பம்ப் வேலை செய்யும்வரை நீர் அந்த உயரத்தைத் தொடாது. தொட்டால் பம்ப் நின்றுவிட்டது, அல்லது உள்ளே வரும் நீர் பம்பின் சக்தியை மிஞ்சிவிட்டது என்று பொருள். படகு கட்டிக் கிடக்கும்போது எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, நீர் முதலில் சேரும் இடத்தில் வையுங்கள். வலைநூல், பிளாஸ்டிக் துண்டு, மீன் அறையிலிருந்து வரும் கொழுப்பு ஆகியவை மிதவையை ஒட்டிப் பிடித்துவிடும் என்பதால் அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். இணைப்பு அறுந்தாலும் எச்சரிக்கை வரும்படி அமைக்கும் வசதி கருவியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்; எலி கடித்த வயரும் அப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. எச்சரிக்கையை அந்த 12.2-இலேயே வையுங்கள், 24 வோல்ட் அமைப்பில் 24.4. பம்ப் ஓடும்போது வோல்ட் சற்று இறங்குவது இயல்பு என்பதால், சில நிமிடங்கள் தொடர்ந்து குறைந்திருந்தால் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

நீர்மட்ட எச்சரிக்கையைவிட, பம்ப் நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடுகிறது என்ற கணக்கை நான் மேலாக மதிக்கிறேன். மழையில்லாத நாளிலும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஷாஃப்டைச் சுற்றி நீரை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கைப் பாருங்கள். ஷாஃப்ட் சுழலும்போது அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வருவது சரி. ஷாஃப்ட் நிற்கும்போதும் அது தொடர்ந்து ஒழுகினால் பேக்கிங்கை இறுக்கவோ மாற்றவோ வேண்டும்.

எச்சரிக்கை உரிமையாளருக்கு மட்டும் போனால் பயனில்லை. தூத்தூரிலிருந்து புறப்பட்டு அவர் போய்ச் சேருவதற்குள் படகு மூழ்கியிருக்கும். துறைமுகத்திலேயே இருக்கும் காவலர், பக்கத்துப் படகின் ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்), நம்பிக்கையான மெக்கானிக் ஆகியோரில் இருவரின் எண்களைச் சேருங்கள். இரவில் குறுஞ்செய்தி யாரையும் எழுப்பாது. நீர்மட்டத்துக்கு மட்டும் அழைப்பு மணி அடிக்கும்படி அமைக்க வேண்டும். அவர்களிடம் கேபின் சாவியும், கையால் இயக்கும் பம்ப் எங்கே இருக்கிறது என்ற தகவலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். பொருத்திய அன்றும் பிறகு மாதம் ஒருமுறையும் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்து, அத்தனை கைபேசிகளும் ஒலிக்கின்றனவா என்று சோதியுங்கள்.

இந்தக் கருவி கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் மட்டுமே பேசும். ஆழ்கடலில் அது ஊமை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்த எத்தனையோ பேரை இந்தக் கடற்கரை இழந்தது. ஆகவே செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை இதற்காகக் கழற்றவோ அணைக்கவோ கூடாது. கடலில் ஆபத்து என்றால் அதன் அவசரப் பொத்தான்தான் வழி, கைபேசி எட்டும் தூரமாக இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

கட்டிய இடத்திலிருந்து படகு நகர்ந்தால் அறிவிக்கும் எல்லையை 100 மீட்டர் அளவுக்கு வைத்தால், ஜி.பி.எஸ். தடுமாற்றத்துக்கும் காற்றில் படகு அசைவதற்கும் பொய் மணி அடிக்காது. கடலுக்குப் புறப்படும்போது அந்த எல்லையை அணைப்பதும், திரும்பி வந்து வடம் கட்டியவுடன் மீண்டும் இயக்குவதும் ஸ்ராங்கின் வேலை என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.