காட்டுப் பாதையில் வண்டி சிக்கினால்: முதலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வரும். நான்கு சக்கரமும் இழுக்கிறபோது வண்டி எங்கே சிக்கப்போகிறது? சிக்கும். சாதாரணக் கார்க்காரர் முதல் சேற்றைப் பார்த்ததுமே திரும்பியிருப்பார். இவர் அதையும் தாண்டிப் போய், கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொள்வார்.

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களுக்குள் போகும் மண்பாதைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு, நடுவில் டிராக்டரும் ஜீப்பும் போய்ப் போய் விழுந்த இரண்டு ஆழமான தடங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தத் தடங்களில் மண் குழைந்து கிடக்கும். இரண்டு நாள் வெயிலில் மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும்; சக்கரம் ஏறியதும் ஓடு உடைந்து உள்ளே போகும்.

தோட்டமாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். அங்கே சிக்கினால் உதவிக்குக் கூப்பிட வேண்டியதும் அதே வனத்துறையைத்தான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் வண்டியில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, அரிவாள், நான்கைந்து கோணிச்சாக்குகள், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அகலமான பலகை, டயர் காற்று பார்க்கும் கருவி, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப், வண்டியின் எடையைத் தாங்கும் இழுவைப் பட்டை, பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையங்களான ஷாக்கிள்கள் இரண்டு, தோல் கையுறை, டார்ச், தேவைக்கு மேல் குடிநீர். பலரும் பெரிய டயருக்கும் கூரை விளக்குக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு மண்வெட்டியை மறந்துவிடுகிறார்கள். எதை வாங்குவது என்று கேட்டால், முதலில் மண்வெட்டி என்பேன். காம்பு சற்றுக் குட்டையாக இருந்தால் வண்டிக்கு அடியில் கையாள எளிது.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: காலை எடுங்கள்

வண்டி நகரவில்லை, சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் அந்த நொடியே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சேற்றில் சுற்றும் டயரின் பட்டன்களுக்கு இடையில் களிமண் அப்பிக்கொண்டு, டயர் வழவழவென்று ஆகிவிடும். பிறகு அது பிடிக்காது, தோண்டத்தான் செய்யும். ஐந்து விரல் ஆழத்தில் இருந்த சக்கரத்தை அரை நிமிட முறுக்கலில் அச்சுவரை இறக்கிவிடலாம். அதன்பின் வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்காது. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மண்ணில் உட்கார்ந்திருக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமே, ஏன் இழுக்கவில்லை? காரணம் டிஃபரன்ஷியல். ஓர் அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் அது ஒரே அளவு விசையைத்தான் பகிர்ந்து கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் வழுக்கிச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அதே கொஞ்சம்தான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும், அது வண்டியைத் தள்ளப் போதாது. ஆகவே முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் பிடி இழந்தாலே போதும், ஃபோர் வீல் டிரைவ் வண்டி அசையாமல் நிற்கும். கூர்க்கா போன்ற வண்டிகளில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி உண்டு. பூட்டினால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று வீட்டில் இருக்கும்போதே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் திருகு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது திறந்திருந்தால் உள்ளே கியர் மாற்றியும் முன்சக்கரத்துக்குச் சக்தி போகாது.

படி 2: இறங்கிச் சுற்றிப் பாருங்கள்

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோரையும் இறக்கி மேட்டுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். வண்டி வழுக்கினால் சரிவுப் பக்கம்தான் போகும்.

பிறகு குனிந்து பாருங்கள். எந்தச் சக்கரம் புதைந்திருக்கிறது? அடிவயிறு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? கல்லா, வேரா, தடங்களுக்கு நடுவில் உள்ள மேடா? சைலன்சர் குழாய் சேற்றுக்குள் போயிருந்தால் முதல் வேலையாக அதைத் தோண்டி வெளியே எடுங்கள். அடைபட்ட குழாயோடு இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

அப்படியே சுற்றுப்புறத்தையும் பாருங்கள். ஈரம் காயாத யானை லத்தியோ, புதிதாக ஒடிந்த மூங்கிலோ கண்ணில் பட்டால், ஒருவர் வேலை எதுவும் செய்யாமல் காவல் நிற்கட்டும். பாதையில் காட்டுமாடு நின்றால் அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹாரன் அடிக்காதீர்கள்.

படி 3: தோண்டுங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் வண்டியை மீட்பதில் பெரும்பகுதி இதுதான், இன்ஜின் செய்வது கடைசி ஒரு நிமிடம் மட்டும்.

எந்தப் பக்கமாக வெளியே வரப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் வந்த வழியே பின்னால் போவதுதான் சரி. அந்தத் தரை உங்கள் வண்டியைத் தாங்கியது என்பது ஏற்கெனவே தெரியும். முன்னால் இருப்பது தெரியாது. போகும் பக்கத்தில், ஒவ்வொரு டயருக்கும் எதிரே உள்ள மண்ணைச் செங்குத்தாக வெட்டாமல், டயரின் அடியிலிருந்து மேலே ஏறும் சாய்வாகச் செதுக்குங்கள். டயர் ஏறிவர வேண்டியது அந்தச் சாய்வில்தான். பக்கவாட்டில் டயரை நெருக்கும் மண்ணையும் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது வண்டியின் அடி. சாக்கை விரித்துப் படுத்து, அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் மண்ணில் முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நடுமேட்டில் அது உழுதுபோன தடம் தெரியும். களிமண் இறுகி, கத்தியால் வெட்டியதுபோல் பளபளப்பாக இருக்கும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பல நேரம் சக்கரம் புதைந்த சேறல்ல, இந்த மேடுதான். காம்பைக் குட்டையாகப் பிடித்து, அடிக்குக் கீழே வெளிச்சம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். கையை நீட்டிச் சுரண்டலாம். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது மட்டும் உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகக் கூடாது.

ஜாக்கி தேவைப்பட்டால் அதற்கு அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி மேலே போகாது, ஜாக்கி கீழே போகும். சக்கரம் எழும்பியதும் குழியைக் கல்லால் நிரப்பி, அதன் மேல் சக்கரத்தை இறக்குங்கள். டயருக்கு முன்னால் கல்லைத் திணித்து ஏற்றப் பார்ப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

படி 4: காற்றைக் குறையுங்கள்

சாலையில் 30 முதல் 35 பவுண்டு வரை காற்று வைத்திருப்பீர்கள். அதை 18 அல்லது 20 பவுண்டுக்குக் குறையுங்கள். வால்வு மூடியைக் கழற்றி, நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் காற்று இறங்கும். அவ்வப்போது கருவியை வைத்துப் பாருங்கள். டயர் தரையில் படும் பகுதி நீளமாகும், எடை பரவும், பிடிப்பு கூடும். இத்தனை சுலபமான வேலையைப் புதியவர்கள் ஏன் கடைசிவரை செய்வதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை. 15 பவுண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். கையில் பம்ப் இல்லையென்றால் 20-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: விரித்து, மெல்ல எடுங்கள்

செதுக்கிய சாய்வில் தட்டையான கற்கள், காய்ந்த கிளைகள், கோணிச்சாக்கு என்று எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். மீட்புப் பலகை வைத்திருந்தால் அதன் முனையை டயருக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். டயர் சுற்றினால் இவை பின்னால் பறந்து வரும். டயருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். பதற்றத்தில் திருப்பிய நிலையிலேயே விட்டுவிட்டு முயல்பவர்கள் அதிகம். வெளியே நிற்பவர் முன்டயரைப் பார்த்துச் சொல்லட்டும். லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) போட்டு, முன்னால் போவதானால் இரண்டாவது கியர், பின்னால் என்றால் ரிவர்ஸ். கிளட்சை நிதானமாக விடுங்கள். மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கரடுமுரடான பாதையில் இன்ஜினை அலறவிடாமல், நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறுவார்கள். அந்த நிதானம்தான் வேண்டும். கொஞ்சம் நகர்ந்து நின்றால், எதிர்ப்பக்கம் விட்டு, மறுபடி முன்னால் என்று ஊஞ்சலாட்டலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் இதை நீட்டிக்காதீர்கள், கியர்பாக்ஸ் சூடேறும். சக்கரம் சுற்றத் தொடங்கினால் மறுபடி படி 1.

படி 6: இன்னொரு வண்டி இழுக்கும்போது

உண்மையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சேற்றில் சிக்கியதால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இழுக்கும்போது அறுந்து பறந்த கொக்கியால் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பட்டையைச் சேஸிஸில் பொருத்திய இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரில் வேண்டாம், சஸ்பென்ஷனில் வேண்டாம், டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் வேண்டவே வேண்டாம்; அது உடைந்தால் பீரங்கிக் குண்டுதான். சாதாரணப் பட்டையானால் தொய்வில்லாமல் இறுக்கிவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும். தொய்வு விட்டு, வேகம் எடுத்து வெடுக்கென இழுப்பது, அதற்கென்றே செய்த, ரப்பர் போல நீளும் நைலான் கயிற்றுக்கு மட்டும்தான். தோட்டத்து டிராக்டர் உதவிக்கு வந்தால் பெரும்பாலும் இரும்புச் சங்கிலியோடு வரும். சங்கிலி நீளாது. "ஒரே இழுப்பு சார்" என்று டிரைவர் உற்சாகப்பட்டால், "மெதுவாகவே இழுங்கள் அண்ணா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பட்டையின் நடுவில் நனைந்த சாக்கைப் போடுங்கள். அறுந்தாலும் அதன் வேகத்தைக் குறைக்கும். பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. செல்போனில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வின்ச் (உருளையில் கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தால் கம்பியை நேராக மரத்தில் சுற்றாதீர்கள், மரத்தின் பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும். மரத்தில் சுற்றுவதற்கான அகலமான இழுவைப் பட்டையை அடிமரத்தில் சுற்றி அதில் மாட்டுங்கள். இந்தப் பகுதியில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். அதில் கட்டினால் ஒருவருடைய பல வருட மிளகைக் கொன்றதாக ஆகும். உருளையில் குறைந்தது ஐந்து சுற்றுக் கம்பி எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும்.

படி 7: எதுவுமே நடக்காவிட்டால்

மாலை நான்கு மணிக்குள் முடிவெடுங்கள். வழி தெரிந்து, தூரமும் குறைவாக இருந்தால் வெளிச்சத்திலேயே இருவராக நடந்து போய் ஆள் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் வண்டிக்குள்ளேயே இரவைக் கழிப்பது நல்லது; யானை நடமாடும் காட்டில் இருட்டில் நடப்பதைவிட அது எவ்வளவோ மேல். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழைத்துப் பாருங்கள், அருகில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் அதன் வழியாகப் போகும். வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.

வெளியே வந்த பிறகு

தோண்டிய குழியை மூடி, போட்ட கல்லையும் கிளையையும் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். மறுநாள் அதே பாதையில் பழமும் காபிக் கொட்டையும் ஏற்றிய ஜீப் வரும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்புங்கள். பம்ப் இல்லையென்றால் அடுத்த பங்க் வரை 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். மலை இறங்கும் முன் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்துக் காயவையுங்கள். வத்தலக்குண்டு வந்து வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் கடகடவென்று நடுங்கினால் அலைன்மென்ட் போய்விட்டது என்று பட்டறைக்கு ஓட வேண்டாம். ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த களிமண்தான் காரணமாக இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.